கத்தரிக்கோலுக்காகப் பேசியவள்

தன் கணவருக்கு வெளியில் ‘கத்தரிக்கோல்’ என்று ஒரு பெயர் இருப்பது அவளுக்கு ஒரு நோயாளி சொல்லித்தான் தெரிந்தது. மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவில் அவள் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் பிசகி வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வலியை மறக்க அந்தப் பெண் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“தீம் பார்க்லதான் மேடம் விழுந்தேன். முன்னாடி அங்க சாயங்காலமானா ஊர்வலம் போகும், நிஜ பேண்டு வாசிப்பாங்க. இந்தக் கத்தரிக்கோல் வந்தான், எல்லாத்தையும் வெட்டிட்டான்.”

“யாரும்மா அது கத்தரிக்கோல்?”

“பார்க்குக்கெல்லாம் புதுசா தலைவர்னு ஒருத்தர் வந்திருக்காரே, அவருதான். எங்க ரசிகர் குரூப்ல அவரைக் கிழிக்கிறதைப் படிச்சுப் பாருங்க, வலியே தெரியாது.”

அவள் காலைக் கொஞ்சம் அதிகமாகவே மடக்கிவிட்டாள். அந்தப் பெண் பல்லைக் கடித்தாள்.

சினிமா, டிவி, தீம் பார்க் என்று மூன்று கடை விரித்திருந்த பெரிய நிறுவனம் அது. அவள் கணவர் அதில் கணக்குப் பிரிவில் தலைமுடி நரைக்க உழைத்தவர். பார்க்குகள் மூழ்கும் நிலைக்கு வந்தபோது சேர்மன் அவரைக் கூப்பிட்டு, “நீங்கதான் தூக்கி நிறுத்தணும்” என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன அன்று அவர் முகம் புதுச் சட்டை போட்ட பிள்ளையின் முகம் போல இருந்தது. பதினொரு வயது மகள், “அப்போ நமக்கு வரிசையே கிடையாதாப்பா?” என்று கேட்டாள். “எல்லாரையும்விட நாமதான் கடைசியா நிக்கணும்” என்றார்.

அந்த ரசிகர் குரூப்பில் அவள் சேர்ந்தது வேடிக்கை பார்க்கத்தான். பெயர் கேட்டார்கள். அன்று மழை பெய்துகொண்டிருந்தது, மேசைக்கடியில் குடை சொட்டிக்கொண்டிருந்தது. ‘நனைந்த குடை’ என்று கொடுத்தாள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. ‘பாப்கார்ன்’ என்று ஒருவன், ‘பழைய டிக்கெட்’ என்று ஒரு பெரியவர், ‘ராட்டினம்’ என்று ஒரு பெண். வேலை வெட்டி இல்லாத கும்பல் என்று நினைத்துத்தான் உள்ளே போனாள். போன பிறகுதான் தெரிந்தது, எந்தப் பெஞ்சின் எந்தக் கால் ஆடுகிறது என்பதுவரை அவர்களுக்கு அத்துப்படி. அந்தப் பார்க்கைத் தங்கள் வீட்டு முற்றம் மாதிரி நினைத்தார்கள். முற்றத்தில் ஒருவன் கடப்பாரையோடு நிற்கிறான் என்று கொதித்தார்கள்.

“வரிசையில ஒரு நாள் நின்னிருப்பானா அந்தாளு? கால்குலேட்டரைக் கட்டிக்கிட்டு அழுகிறவனுக்குக் குழந்தை சிரிக்கிறது எப்படித் தெரியும்?” இது பாப்கார்ன்.

“கழிப்பறை சுத்தமா இருக்கே, நிழலுக்குக் கூரை போட்டிருக்காங்களே, அது யாரு செஞ்சது?” என்று அவள் முதல் முறையாக எழுதினாள்.

“அடேயப்பா, கழிப்பறைக்காகவா நாங்க தீம் பார்க் போறோம்?” என்று ஐம்பது பேர் சிரித்தார்கள்.

அவள் விடவில்லை. பேண்டை நிறுத்தியது தப்புதான், ஆனால் துப்புரவுப் பெண்களை நிரந்தரமாக்கினது யார் என்று கேட்டாள். முன்னால் இருந்தவர் ஆடம்பரம் செய்து ஓட்டாண்டியாக்கிவிட்டுப் போனார், கதவைச் சாத்தாமல் காப்பாற்றினவரை ஏன் திட்டுகிறீர்கள் என்று கேட்டாள். பழைய டிக்கெட் சில நாள் அவள் பக்கம் சாய்வார். பாப்கார்ன் வந்து அவரையும் சேர்த்து வாருவான். ‘குடைக்குக் கம்பெனியில சம்பளம் போகுது போல’ என்று கேலி வந்தது. அவள் சாப்பாட்டு இடைவேளையில், டப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பெண்டாட்டி தனக்காக முகமூடி போட்டுச் சண்டை பிடிக்கிறாள் என்று தெரிந்தால் அவர் கூனிக் குறுகிப் போவார் என்று நினைத்தாள்.

ராட்டினம் மட்டும் வேறு மாதிரி. கத்தரிக்கோலை அவளும் திட்டினாள், ஆனால் எதிராளி சொல்வதைக் காதில் வாங்கித் திட்டினாள். ஒரு நாள் தனியாகச் செய்தி அனுப்பினாள். அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. பார்க்கில் ‘பாதாள ஆறு’ என்று ஒரு படகுச் சவாரி உண்டு. உயரத்தில் தூண்கள்மேல் கட்டிய கால்வாயில் படகு மெதுவாக ஊர்ந்து, இருட்டுக் குகைக்குள் புகுந்து வெளியே வரும். குலுக்கல் இல்லாத ஒரே சவாரி. அப்பாவை அதில் ஒரு தடவை ஏற்ற வேண்டும், சக்கர நாற்காலியிலிருந்து படகுக்கு எப்படி மாற்றுவது, உங்களுக்குத் தெரிந்த டாக்டர் யாராவது உண்டா என்று கேட்டிருந்தாள்.

“டாக்டர் எதுக்கு, நானே சொல்றேன்” என்று அவள் பதில் போட்டாள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டுவது, தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுப்பது, நல்ல பக்கத்திலிருந்து திருப்புவது, எல்லாவற்றையும் படம் வரைந்து அனுப்பினாள். விடுமுறை சீசனில் ஒரு நாள் ராட்டினத்திடமிருந்து போட்டோ வந்தது. படகின் முன்வரிசையில் ஒரு கிழவர், கோணிய வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியெல்லாம் தண்ணீர்த்துளி. அவள் அந்தப் போட்டோவை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

சீசன் முடிந்த மறு வாரம் பாதாள ஆற்றை இழுத்து மூடினார்கள். காரணம் சொல்லவில்லை.

குரூப் தீப்பிடித்தது. ஏற்கெனவே சீசன் முழுக்கப் படகுகளைப் பாதி காலியாக ஓட்டி வரிசையை வளரவிட்டான் என்று கோபம் இருந்தது. இப்போது சவாரியையே மூடிவிட்டான். வெட்டிப் பழகின கை சும்மா இருக்குமா என்றார்கள். கையெழுத்து வேட்டை ஆரம்பித்தது. ‘கத்தரிக்கோலே வெளியேறு’ என்று தட்டி பிடித்துக்கொண்டு பார்க் வாசலில் நின்றார்கள். யாரோ அவளுடைய வீட்டுக் கேட்டைப் படம் எடுத்துப் போட்டான். பள்ளிக்கூடத்தில் மகளைப் பார்த்து விரல்களைக் கத்தரி மாதிரி ஆட்டினார்களாம். வீட்டுக்கு வந்த மகள் பையை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவருக்குச் சாப்பாடு இறங்குவது நின்றுபோனது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். ஒரு நாள் காலையில், சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம், “ஏங்க, அந்தச் சவாரியை ஏன் மூடுனீங்கன்னு வெளிய சொல்லிட்டாத்தான் என்ன?” என்று கேட்டாள்.

“தூண்ல விரிசல்மா. ரெண்டாவது வளைவுக்குக் கீழ. சொன்னா ஜனங்க பயந்துடுவாங்க, பார்க் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாங்கன்னு சேர்மன் வாயைக் கட்டிட்டார். நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாத.” கொஞ்ச நேரம் கழித்து, டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்: “கார்ல வரும்போது பாலத்துல ஒரு நிமிஷம் நிக்கிறேன், தினமும். சும்மாதான். நின்னுட்டு வந்துடுறேன்.”

அந்தப் பாலத்தை நினைத்துக்கொண்டே அவள் கிளம்பினாள். அன்று வேலைக்குப் போய் ஒரு கையையும் காலையும் உருப்படியாகப் பிடிக்க முடியவில்லை. டீ இடைவேளையில் குரூப்பைத் திறந்தாள். பாப்கார்ன் எழுதியிருந்தான்: “அந்தாளு செத்தாத்தான் பார்க் பிழைக்கும்.” கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக நின்றன. அவள் விரல் தானாக ஓடியது.

“விஷயம் தெரியாமப் பேசாதீங்க. பாதாள ஆத்தோட தூண்ல விரிசல். ரெண்டாவது வளைவுக்குக் கீழ. உங்க பிள்ளைங்க தலையில விழுந்துடக் கூடாதுன்னுதான் அவரு மூடுனாரு. மேலிடம் வாயைக் கட்டியிருக்கு. எல்லாரோட ஏச்சையும் வாங்கிக்கிட்டு உங்க உசிரைக் காப்பாத்துன மனுஷன் அவரு.”

அனுப்பின பிறகுதான், யாரிடமும் மூச்சு விடாதே என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

சிரிக்கும் முகங்களைச் சிலர் அழித்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டு இரண்டு பேர் எழுதினார்கள். பழைய டிக்கெட், “அப்படியானால் நாம் எல்லாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்” என்றார். அவளுக்கு மூச்சு வந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு. அடுத்த நோயாளியை உட்கார வைத்துத் தோளைப் பிடித்துவிட்டபோது, பாட்டு முணுமுணுக்கக்கூடத் தோன்றியது.

மத்தியானம் மறுபடி திறந்து பார்த்தாள். அந்தச் சில மணி நேரத்தில் பேச்சு திசை மாறியிருந்தது.

“விரிசல் எப்போ கண்டுபிடிச்சாங்க?” என்று யாரோ கேட்டிருந்தார்கள். ஒருவர் பார்க்கில் பெயிண்ட் அடித்தவர். இரண்டாவது வளைவுக்குக் கீழே நீலத் தார்ப்பாய் கட்டி, கருவி வைத்து ஆட்கள் அளந்ததைப் படம் எடுத்து வைத்திருந்தார். படத்தின் ஓரத்தில் விடுமுறை சீசனுக்கான வரவேற்பு வளைவை அப்போதுதான் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதாவது சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே அளந்திருக்கிறார்கள்.

“அப்போ தெரிஞ்சுக்கிட்டே சீசன் முழுக்க ஓட்டியிருக்கான்” என்று பாப்கார்ன் எழுதியிருந்தான். இந்தத் தடவை கேலி இல்லை. “என் தங்கச்சி பிள்ளைங்க ரெண்டும் ஏறுச்சு.”

“காசு வர்ற வரைக்கும் நாம வேணும். சீசன் முடிஞ்சதும் உசிரு ஞாபகம் வந்துடுச்சு.”

“நனைந்த குடை, நீங்களே சொல்லுங்க. அவருக்கு எப்போ தெரியும்?”

கடைசியாக ராட்டினம். “எங்க அப்பா முன்வரிசையில உக்காந்தாரே. அப்போ தெரியுமா?”

அப்படி இருக்காது என்று எழுதப் போனாள். எழுத முடியவில்லை. சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூவரும் பார்க்குக்குப் போயிருந்தார்கள். மகள் பாதாள ஆற்றைப் பார்த்ததும் ஓடினாள். அவர் பின்னாலேயே ஓடிப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். “அங்க வேணாம்டா, பயங்கரக் கூட்டம்” என்றார். வெயில் நேரம். வரிசையில் நாலைந்து பேர்தான் நின்றிருந்தார்கள். வேலை இடத்தில் ஊழியர்கள் தன்னை முறைப்பது பிடிக்காமல் நழுவுகிறார் என்று அவள் அன்று நினைத்துக்கொண்டாள். பிடித்த பிடியில் மகளின் மணிக்கட்டு சிவந்திருந்தது.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

பார்க்கின் ஊழியர் வாசலில் காவலாளி அவளை அடையாளம் கண்டு உள்ளே விட்டார். “சார் ஆத்துப் பக்கம் இருக்காரும்மா. மத்தியானம் ஆனா அங்கதான் போய் உக்காந்துக்கிறாரு” என்றார்.

கால்வாயில் தண்ணீர் வடித்திருந்தார்கள். அடியில் பச்சைப் பாசி காய்ந்து அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. படகுகளைக் குகை வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். படகில் ஏறும் மேடையின் படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கழற்றி வைத்த காலணி. கையில் போன். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

“யாரோ வெளிய விட்டுட்டாங்கம்மா. சேர்மன் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கார். யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்றார்.”

“உங்களுக்கு எப்பங்க தெரியும்?”

“என்ன?”

“விரிசல். சீசனுக்கு முன்னாடியே தெரியுமா?”

அவர் குனிந்தார். காலணியை எடுத்து ஒரு காலில் மாட்டினார். மறு காலணியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இன்ஜினியர் தாங்கும்னு சொன்னார்மா. பாரம் குறைச்சா சீசன் முடியுற வரைக்கும் தாங்கும்னார். படகைப் பாதி காலியா விட்டேன். ஒவ்வொரு படகையும். அதுக்கும் திட்டுனாங்க. சேர்மன் சொன்னார், இந்த சீசன்ல சம்பாதிக்கலைன்னா நாலு பார்க்கையும் மூடிடுவோம்னார். எத்தனை பேரு வேலை தெரியுமா? தினமும் இங்க வந்து நின்னுக்கிட்டே இருப்பேன். ஒவ்வொரு படகும் அந்த வளைவைத் தாண்டுற வரைக்கும் எனக்கு மூச்சு வராது.”

“தாங்கும்னு நம்புனீங்கல்ல. அப்போ பாப்பா கையை ஏன் புடிச்சு இழுத்தீங்க?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தார். 

“கை தானாப் போச்சு” என்றார் கடைசியில்.

கால்வாயின் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, தண்ணீர் இல்லாததைப் பார்த்துவிட்டுப் பறந்து போனது. அவளுக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அவர் தலையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

“வெளிய விட்டது யாருன்னு கேட்டீங்களே” என்றாள். “நான்தான்.”

“நீ எப்படி?”

“ரசிகருங்க குரூப் ஒண்ணு இருக்கு. அதுல நான் வேற பேர்ல இருக்கேன்.”

அவர் கையிலிருந்த காலணி நழுவி விழுந்தது. “குடையா?” என்றார். “நனைந்த குடை நீயா?”

அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு கேட்டாள்: “நீங்களும் அதைப் படிக்கிறீங்களா?”

“முதல்லருந்து.” அவர் மறுபடி படியில் உட்கார்ந்துவிட்டார். “ஆயிரம் பேரு காறித் துப்புற இடத்துல ஒரே ஒரு ஆளு எனக்காகப் பேசிட்டு இருந்துச்சு. யாரோ எவரோ, என் மூஞ்சியைக்கூடப் பாத்திருக்காது, அதுக்கு என்னைப் புரியுதேன்னு நினைப்பேன். பாலத்துல நிக்கிறப்போ அதைத்தான் எடுத்துப் படிப்பேன். படிச்சுட்டு வண்டியை எடுப்பேன்.” அவர் சிரிக்க முயன்றார். “அப்போ எனக்காகப் பேச வெளிய ஒருத்தர்கூட இல்ல.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் தோளைத் தொடவில்லை. நாலு மணி ஆகும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

“விரிசல் சேதியை வெளிய விட்டது நான்தான்” என்று அவர் சேர்மனிடம் சொல்லிவிட்டார். மனைவியின் பெயர் வரவில்லை. அன்றே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை நிறுவனத்தின் அறிக்கை வந்தது. தலைவர் சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார், பாதாள ஆறு வழக்கமான பராமரிப்புக்காகத்தான் மூடப்பட்டிருக்கிறது, விரிசல் என்பது விஷமிகள் கிளப்பின வதந்தி.

குரூப்பில் பாதிப் பேர் கூத்தாடினார்கள். மீதிப் பேர் நனைந்த குடையைப் புரட்டி எடுத்தார்கள், கட்டுக்கதை விட்டு எல்லாரையும் பயமுறுத்தின ஆள் என்று. பெயிண்டரின் படம் பொய்ப் படம் என்றார்கள். புதிதாக வரப்போகும் தலைவர் பேண்டைத் திரும்பக் கொண்டுவருவாரா என்று அதற்குள் சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற மூன்று பார்க்குகளிலும் அதே அச்சில், அதே தூண்கள்மேல், பாதாள ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அவற்றை இதுவரை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை என்பதை அவர்தான் சாப்பாட்டு மேசையில் சொன்னார். சொல்லிவிட்டு மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள்.

“நீ டைப் பண்ணு” என்றார். “எனக்குக் கை நிக்கலை. என் பேரைப் போட்டு எழுது. குரூப்ல போடு.”

“ஜெயில்ல போட்டாலும் போடுவாங்க. தெரியும்ல?”

“தெரியும். எழுது.”

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அளந்தது எப்போது, யார் என்ன சொன்னார்கள், யார் ஓட்டச் சொன்னது, யார் சரி என்றது. சேர்மன் சொன்னார் என்று ஒரு இடத்தில் ஆரம்பித்தவர், “இல்ல, அழிச்சுடு. நான் ஒத்துக்கிட்டேன்னு எழுது” என்றார். மற்ற பார்க்குகளில் யாரும் அந்தப் படகில் ஏறாதீர்கள் என்று எழுதச் சொன்னார். அதோடு நிறுத்திவிட்டார்.

அவள் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: “பாப்பா கையைப் புடிச்சதையும் எழுதவா?”

தெருவில் பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டு போனார். கணவர் மேசை விரிப்பிலிருந்து கையை எடுத்தார்.

“எழுது” என்றார்.

எழுதினாள். நனைந்த குடை யார் என்பதையும் கீழே சேர்த்தாள். அனுப்பினாள்.

அதற்குப் பிறகு நடந்தது மளமளவென்று நடந்தது. சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று சவாரிகளையும் அரசாங்க ஆய்வாளர்கள் வந்து நிறுத்தினார்கள். ஒன்றில் விரிசல் இருந்ததாம், இதைவிடப் பெரியது. சேர்மன் தனக்கு எதுவுமே தெரியாது என்று டிவியில் சொன்னார். போலீஸ் நிலையத்திலிருந்து கணவருக்கு அழைப்பு வந்தது. குரூப்பில் அவரை மனிதன் என்றவர்களும் உண்டு, கொலைகாரன் என்றவர்களும் உண்டு. தன் பிள்ளையை மட்டும் இழுத்துக்கொண்டான் என்பதை அவர்களில் ஒருவராலும் விழுங்க முடியவில்லை. பாப்கார்ன் எதுவும் எழுதாமல் குரூப்பை விட்டே போய்விட்டான். அவள் மகளைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். காரிலிருந்து இறங்கும்போது மகள், “அன்னிக்கு வரிசையில முன்னாடி ஒரு அக்காவும் சின்னத் தம்பியும் நின்னாங்கம்மா. அவங்களையும் அப்பா கூப்பிட்டிருக்கலாம்ல?” என்று கேட்டாள். அவள் ஆமென்று தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக் கொடுத்தாள்.

விசாரணைக்குப் போக வேண்டிய நாள் காலையில் ராட்டினம் போன் செய்தாள். அதுவரை எழுத்தாக மட்டும் தெரிந்தவளின் குரல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

“பெல்ட் கட்டி அப்பாவை ஏத்தச் சொல்லிக்குடுத்தீங்களே. அப்போ தெரியுமா உங்களுக்கு?”

“இல்லம்மா. எனக்குத் தெரியாது. உங்க அப்பாவை நான் அப்படி ஏத்த விட்டிருப்பேனா?”

“அதைத்தான் நானும் யோசிச்சுப் பாக்குறேன்.” பின்னால் ஏதோ குழறலான குரல் கேட்டது. ராட்டினம் போனை மூடிக்கொண்டு என்னவோ பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். “அப்பாதான். மறுபடி எப்போ படகுக்குப் போலாம்னு கேக்குறாரு. அன்னிலருந்து தினம் கேக்குறாரு. அவருகிட்ட என்னங்க சொல்றது?”

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதையே சொன்னாள்.

“சரி” என்றாள் ராட்டினம். “உங்க வீட்டுக்காரரை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க.” வைத்துவிட்டாள்.

அறைக்குள் அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். பொத்தான்களைச் சரியாகப் போட்டிருந்தார். “நான் தனியாப் போய்க்கிறேன். உனக்கு வேலை இருக்கும்” என்றார்.

“பாலத்து வழியாத்தான போகணும்” என்றாள். “நான் ஓட்டுறேன்.”

அவர் மறுக்கவில்லை. கார்க் கதவைத் திறந்து, முன் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அவரோடு இனி வாழ முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை அப்புறம் யோசிக்கலாம் என்று வண்டியைக் கிளப்பினாள்.